எவரெஸ்ட் அடிவார முகாம்: உடம்பு தயாராகிவிடும், நாட்கள்தான் போதவில்லை

கேள்வி: எனக்கு 41 வயது. அரசு மேல்நிலைப் பள்ளி ஆசிரியை. சதுரகிரிக்கு நாலைந்து முறை ஏறியிருக்கிறேன். மற்றபடி பெரிய மலை எதுவும் பழக்கமில்லை. வரும் காலாண்டு விடுமுறையில் தம்பியோடும் அவன் நண்பனோடும் எவரெஸ்ட் அடிவார முகாம் வரை நடந்து போகத் திட்டமிட்டிருக்கிறோம். தம்பிக்கு 33 வயது, தினமும் ஜிம் போகிறவன். நேபாளத்தின் லுக்லாவில் தொடங்கி எட்டே நாளில் போய்த் திரும்புவதாக அட்டவணை போட்டிருக்கிறான். ஆள் வைக்காமல் அவரவர் பையை அவரவரே சுமப்பது என்று முடிவு. என் பை 16 கிலோ வருகிறது. தைராய்டு மாத்திரை மட்டும் சாப்பிடுகிறேன். உயரத்துக்கு ஏதாவது மாத்திரை எடுக்கலாமா என்று தம்பி கேட்கிறான். எடுத்துப்போகும் பொருட்களின் பட்டியலை இணைத்திருக்கிறேன். அக்டோபர் டிக்கெட் இன்னும் எடுக்கவில்லை. நான் மெதுவாகத்தான் நடப்பேன். அவர்களுக்குப் பாரமாகிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. என்ன பயிற்சி எடுக்க வேண்டும்? இது என்னால் முடிகிற காரியமா?
– ஒரு வாசகி, தேனி மாவட்டம்

பதில்:

அன்புள்ள டீச்சருக்கு,

முடிகிற காரியம்தான். 41 வயது ஒரு தடையே இல்லை; அறுபதைத் தாண்டியவர்களை அடிவார முகாம் வரை கூட்டிப்போய்ப் பத்திரமாகத் திரும்பியிருக்கிறேன். உங்கள் கடிதத்தில் என்னைக் கவலைப்படுத்தியது உங்கள் வயதோ மெதுவான நடையோ அல்ல, தம்பி போட்ட அந்த எட்டு நாள் அட்டவணை. தயவுசெய்து இந்தப் பதிலை அவரிடமும் படிக்கக் கொடுங்கள்.

முதலில் உயரத்தைப் பார்ப்போம். நீலகிரியின் தொட்டபெட்டா 2,637 மீட்டர். லுக்லாவில் நீங்கள் விமானத்தை விட்டு இறங்கும் இடமே 2,860 மீட்டர். அதாவது தமிழ்நாட்டின் மிக உயரமான சிகரத்தைவிட 200 மீட்டருக்கும் மேலே நின்றுகொண்டுதான் முதல் அடியை எடுத்து வைக்கப் போகிறீர்கள். அடிவார முகாம் 5,364 மீட்டர். அங்கே ஒவ்வொரு மூச்சிலும் கடல்மட்டத்தில் கிடைப்பதில் ஏறக்குறைய பாதி ஆக்சிஜன்தான் கிடைக்கும். நம் ஊர் மலைகளில் எத்தனை முறை ஏறி இறங்கினாலும் காலும் நெஞ்சும் வலுப்படுமே தவிர, இந்த உயரத்துக்கு உடம்பு பழகாது. அந்தப் பழக்கம் அங்கே போய், அங்கேயே தூங்கி எழுந்துதான் வர வேண்டும்.

தம்பியின் கணக்குப்படி முதல் இரவு பாக்டிங், இரண்டாம் இரவு நாம்சே (3,440 மீட்டர்), மூன்றாம் இரவு தெங்போச்சே (3,860), நான்காம் இரவு டிங்போச்சே (4,410), ஐந்தாம் இரவு லோபுச்சே (4,910). ஆறாம் நாள் அடிவார முகாமைத் தொட்டுவிட்டு கோரக் ஷெப்பில் (5,160) தூக்கம். எட்டாம் நாள் மாலை லுக்லா. நடுவில் ஒரு நாள்கூட ஓய்வு கிடையாது. மலையேற்றத்தில் நாங்கள் எல்லோரும் கடைப்பிடிக்கிற விதி ஒன்று உண்டு: 3,000 மீட்டரைத் தாண்டிய பிறகு, தூங்கும் இடத்தின் உயரத்தை ஒரு நாளில் ஏறக்குறைய 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது, மூன்று நான்கு நாளுக்கு ஒரு முறை அதே உயரத்தில் இன்னொரு இரவு தங்க வேண்டும். பகலில் எவ்வளவு உயரம் ஏறினாலும் பரவாயில்லை, ராத்திரி எங்கே தலை சாய்க்கிறோம் என்பதுதான் கணக்கு.

ஏன் இந்த விதி என்று கேட்டால், அதன் காரணம் சிறுநீரகத்தில் இருக்கிறது. ஆக்சிஜன் குறைந்ததும் உடம்பு வேகமாக மூச்சு வாங்கத் தொடங்கும். வேகமாக மூச்சு விட்டால் கரியமில வாயு அதிகமாக வெளியேறி, ரத்தம் காரத்தன்மை பக்கம் சாயும். மூளை அதைக் கவனித்து, ‘போதும், மூச்சைக் குறை’ என்று தடை போடும். இந்தத் தடை தூக்கத்தில்தான் அதிகம். நடு இரவில் மூச்சு சில விநாடி நின்று, பிறகு திடுக்கென்று வாங்கும். (பக்கத்துப் படுக்கையில் இருப்பவர் இப்படிச் செய்தால் பயந்துவிடாதீர்கள், அந்த உயரத்தில் பலருக்கும் நடப்பதுதான்.) சிறுநீரகம் அந்தக் கூடுதல் காரத்தைச் சிறுநீரில் வெளியேற்றிச் சமன் செய்த பிறகே தடை விலகி, உடம்புக்குத் தேவையான வேகத்தில் மூச்சு ஓடும். இந்த வேலைக்குச் சில நாட்கள் பிடிக்கும். ஜிம்மில் எத்தனை கிலோ தூக்கினாலும் சிறுநீரகத்தை அவசரப்படுத்த முடியாது.

ஆகவே உடல் வலுவுக்கும் உயர நோய்க்கும் சம்பந்தமில்லை. சொல்லப் போனால் வலுவான இளைஞர்கள்தான் அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள். அவர்களால் வேகமாக ஏற முடிகிறது, அதனால் ஏறிவிடுகிறார்கள்.

பல ஆண்டுகளுக்கு முன் என் குழுவில் ஓர் இளைஞர் வந்திருந்தார். மாரத்தான் ஓடுபவர். தினமும் எல்லோருக்கும் முன்னால் தங்குமிடம் போய்ச் சேர்ந்து, எங்களுக்காகத் தேநீர் சொல்லிவைப்பார். லோபுச்சேயில் இரவுச் சாப்பாட்டுக்குப் பூண்டு சூப் வந்தது. அவர் கரண்டியை வாய்க்குக் கொண்டுபோன விதம் சரியில்லை; சூப் பாதி மேசையில் சிந்தியது. “ஒன்றுமில்லை சார், அசதி” என்றார். ஷூ கயிற்றைக் கட்டிக் காட்டச் சொன்னேன். இரண்டு முனைகளையும் கையில் பிடித்தபடி அதையே பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்து, பலகைத் தரையின் கோட்டின் மேல் ஒரு குதிகாலை மற்றக் காலின் விரலில் ஒட்டி ஒட்டி நடக்கச் சொன்னேன். மூன்றாவது அடியில் சுவரைப் பிடித்துக்கொண்டார். மூளையில் நீர் கோக்கத் தொடங்கிவிட்டது என்பதற்கு அதுதான் அடையாளம். விடியட்டும் என்று காத்திருக்கவில்லை. நெற்றி விளக்கைக் கட்டிக்கொண்டு, இரண்டு ஷெர்பாக்கள் இருபுறமும் தாங்க, இருட்டிலேயே பெரிச்சேவுக்கு இறக்கினோம். அங்கே 1973 முதல் இமாலய மீட்புச் சங்கத்தின் மருத்துவ நிலையம் இருக்கிறது. ஆக்சிஜனும் மருந்தும் கொடுத்தார்கள். பிழைத்துக்கொண்டார். அன்று காலையிலேயே அவர் தலை வலிக்கிறது என்று சொன்னதைக் கேட்டும், மேலே கூட்டிப்போனது என் பிழை. அந்த இரவுக்குப் பிறகு தலைவலியோடு யாரையும் நான் மேலே ஏற்றியதில்லை.

சரி, உங்களுக்கு எத்தனை நாள் வேண்டும்? நாம்சேயில் இரண்டு இரவு, டிங்போச்சேயில் இரண்டு இரவு. அந்த ஓய்வு நாட்களில் அறைக்குள் படுத்திருக்கக் கூடாது. நாம்சேயிலிருந்து கும்ஜுங் பக்கம் 3,800 மீட்டர் வரை ஏறிவிட்டு இறங்குங்கள். டிங்போச்சேயில் ஊருக்குப் பின்னால் இருக்கும் மேட்டில் முடிந்தவரை ஏறி, மத்தியானச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடுங்கள். இப்படிப் போனால் எட்டாம் நாள் அடிவார முகாம், பதினோராம் நாள் லுக்லா, பன்னிரண்டாம் நாள் விமானம். அப்புறம் இரண்டு நாள் கையிருப்பு கட்டாயம். லுக்லா ஓடுதளம் அரை கிலோமீட்டரைச் சற்றே தாண்டும், அதுவும் சரிவானது. மேகம் இறங்கினால் அன்றைக்கு விமானம் கிடையாது. கூட்டம் மிகுந்த பருவத்தில் விமானங்கள் பெரும்பாலும் காத்மாண்டுவிலிருந்து கிளம்புவதில்லை. நாலைந்து மணி நேரம் சாலையில் போய், ராமேச்சாப் மாவட்டத்து மந்தலியில் ஏற வேண்டும். நள்ளிரவிலேயே வண்டி புறப்படும். தேனியிலிருந்து காத்மாண்டு போய் வருகிற நாட்களையும் சேர்த்தால் மொத்தம் 18 நாள் ஆகிவிடும். காலாண்டு விடுமுறையில் இது அடங்காது.

நீங்கள் ஆசிரியை என்பதால் இதற்கு ஒரு நல்ல வழி இருக்கிறது: மே மாதம் போங்கள். அக்டோபரைப் போலவே வசந்தமும் அங்கே நடைக்கு ஏற்ற பருவம்தான். விடைத்தாள் திருத்தும் வேலை முடிந்ததும் ஏப்ரல் கடைசியிலோ மே முதல் வாரத்திலோ கிளம்பினால், மழைக்காலம் நெருங்குவதற்குள் திரும்பிவிடலாம். பிற்பகலில் மேகம் மூடும், அதனால் விடிகாலையிலேயே நடையைத் தொடங்க வேண்டும். அக்டோபர் வானத்தின் பளிச்சென்ற தெளிவு கொஞ்சம் குறையும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ராத்திரிக் குளிர் அவ்வளவு கடுமையாக இருக்காது. தெங்போச்சே காட்டில் லாலிகுராஸ் பூத்திருக்கும். அடிவார முகாமும் சிகரம் ஏறுகிறவர்களின் கூடாரங்களால் நிறைந்திருக்கும். அக்டோபரில் அதே இடம் பெரும்பாலும் வெறும் பாறையும் பனியும்தான். டென்சிங்கும் ஹிலாரியும் 1953-இல் உச்சியைத் தொட்டதும் மே 29-ஆம் தேதி. இன்னொன்று: அடிவார முகாமில் நின்றால் எவரெஸ்ட் உச்சி தெரியாது, முன்னால் இருக்கும் மலைகள் மறைத்துவிடும். அதைப் பார்க்க மறுநாள் விடிகாலையில் கோரக் ஷெப்புக்கு மேலே காலா பத்தர் ஏற வேண்டும். எட்டு நாள் அட்டவணையில் அதற்கும் இடமில்லை.

இனி பை. 16 கிலோ மிக அதிகம். பையின் எடை உங்கள் எடையில் ஆறில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்று வைத்துக்கொள்ளுங்கள். 60 கிலோ எடை உள்ளவர் 10 கிலோ. லுக்லா விமானத்திலும் ஓர் ஆளுக்குப் பொதுவாக 15 கிலோதான், கைப்பையும் சேர்த்து. நீங்கள் அனுப்பிய பட்டியலில் கூடாரம் இருக்கிறது, கேஸ் அடுப்பு இருக்கிறது, மூன்று கிலோ தின்பண்டம் இருக்கிறது. கூடாரமும் அடுப்பும் வேண்டவே வேண்டாம். வழி முழுக்கத் தங்கும் விடுதிகள் உண்டு, படுக்கையும் சாப்பாடும் அங்கேயே கிடைக்கும். பருப்பும் சோறும் கேட்டால் வயிறு நிறையும்வரை திரும்பத் திரும்பப் பரிமாறுவார்கள். நாம்சேயைத் தாண்டினால் கறி வேண்டாம். அந்தப் பகுதியில் விலங்குகளைக் கொல்வதில்லை, கறியைக் கீழிருந்து பல நாள் சுமந்துதான் கொண்டுவருகிறார்கள்.

தின்பண்டத்தில் முறுக்கையும் அதிரசத்தையும் வீட்டில் வைத்துவிட்டு, 200 கிராம் பருப்புப்பொடியும் சின்ன டப்பாவில் எலுமிச்சை ஊறுகாயும் மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். நான்காயிரம் மீட்டருக்கு மேலே பசி செத்துவிடும். சூடான சோற்றைப் பார்த்தாலே குமட்டும் நேரத்தில், ஒரு கரண்டி பருப்புப்பொடி நாலு வாய் உள்ளே போக வைத்ததை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். அந்த 200 கிராம் சுமை நியாயமானது.

மற்றபடி நல்ல தூக்கப்பை ஒன்று, நடக்க இரண்டு செட் உடை, தூங்க உலர்ந்த ஒரு செட், இறகு வைத்த கனத்த ஜாக்கெட், மழைக்கோட்டு, கம்பளித் தொப்பி, இரண்டு அடுக்குக் கையுறை, கறுப்புக் கண்ணாடி, நெற்றி விளக்கு, இரண்டு லிட்டர் தண்ணீருக்குப் புட்டிகள், குளோரின் மாத்திரை. ஜீன்ஸ் வேண்டாம். பருத்தி பனியனும் வேண்டாம், வியர்வையில் நனைந்தால் காயவே காயாது. மாதவிலக்குக்கு வேண்டியதைக் கணக்குக்கு மேலாகவே எடுத்துக்கொள்ளுங்கள். குளிரிலும் உயரத்திலும் தேதி முன்பின் ஆகலாம். பயன்படுத்தியதைக் கழிப்பறையில் போடாமல் தனிப் பையில் கட்டி, நாம்சே வரை இறக்கிக் கொண்டுவாருங்கள். தைராய்டு மாத்திரையை இரண்டாகப் பிரித்து, பாதியைத் தம்பி பையில் வையுங்கள்.

உங்கள் சுமையை நீங்களே தூக்க வேண்டும் என்ற ஆசை எனக்குப் புரிகிறது, அதில் ஒரு தனி நிறைவு இருக்கத்தான் செய்கிறது. இருந்தாலும் வழிகாட்டவும் கொஞ்சம் சுமக்கவும் மூன்று பேருக்கும் சேர்த்து உள்ளூர்க்காரர் ஒருவரைக் கட்டாயம் வைத்துக்கொள்ளுங்கள். உங்களில் ஒருவர் நோயில் விழுந்தால் அவர் பையை யார் தூக்குவது, யார் கீழே கூட்டிப்போவது? மற்ற இருவரும் களைத்துப்போயிருப்பார்கள். அவருக்குக் காப்பீடு இருக்கிறதா, குளிருக்கேற்ற உடுப்பும் ஷூவும் இருக்கிறதா என்று கிளம்பும் முன்பே பாருங்கள். இல்லையென்றால் வாங்கிக் கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள்.

பயிற்சிக்கு மே வரை நிறைய நாள் இருக்கிறது. வாரம் நான்கு நாள் ஒரு மணி நேரம் வேக நடை. பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது, அந்த வேகம் போதும். வாரம் இரண்டு நாள் மாடிப்படி. பையில் தண்ணீர்ப் புட்டிகளை நிரப்பி ஏறுங்கள். முதல் மாதம் மொட்டைமாடியில் செடிகளுக்கு ஊற்றிவிட்டு வெறும் பையோடு இறங்குங்கள், முட்டி பழகட்டும். அதன் பிறகு சுமையோடு இறங்கவும் பழக வேண்டும். எல்லோரும் ஏற்றத்தை நினைத்துத்தான் பயப்படுகிறார்கள். முட்டி கெடுவது இறக்கத்தில். கடைசி மூன்று நாள் 2,000 மீட்டருக்கு மேல் இறங்குவீர்கள். இரண்டு ஊன்றுகோல் வாங்கி, இங்கேயே பழகிக்கொள்ளுங்கள்.

ஜனவரியிலிருந்து மாதம் ஒரு முறை பையோடு மலைக்குப் போங்கள். சதுரகிரி உங்களுக்குப் பழகிய இடம். கோயில் திறந்திருக்கும் நாட்களில் தாணிப்பாறையிலிருந்து ஏறலாம். தமிழ்நாடு அரசு 2024-இல் 40 பாதைகளோடு ஒரு மலையேற்றத் திட்டத்தைத் தொடங்கியது. அவற்றில் கடினமான ஒன்றை முன்பதிவு செய்து போங்கள். அனுமதியில்லாமல் காட்டுக்குள் போக வேண்டாம். ஒரு முறையாவது சனி, ஞாயிறு இரண்டு நாளும் அடுத்தடுத்து நடந்து பாருங்கள். முதல் நாள் யாரும் நடந்துவிடலாம், இரண்டாம் நாள் காலையில் வலிக்கிற காலை மறுபடி ஷூவுக்குள் நுழைக்கும்போதுதான் உண்மை தெரியும்.

அந்த ஷூவை இப்போதே வாங்கிவிடுங்கள். கால் சற்று வீங்கியிருக்கும் சாயங்கால நேரத்தில், கனமான காலுறை போட்டுக்கொண்டு போட்டுப் பாருங்கள். இறங்கும்போது பெருவிரல் முன்னால் இடிக்கக் கூடாது. நடக்கையில் பாதத்தில் எங்காவது சூடாக உறுத்தினால், அடுத்த திருப்பத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று விடாமல் அங்கேயே உட்கார்ந்து, ஷூவைக் கழற்றி, அந்த இடத்தில் பிளாஸ்திரி ஒட்டுங்கள். அந்த இரண்டு நிமிடம் சோம்பல்பட்டால் மறுநாள் கொப்புளத்தோடு நடக்க வேண்டியிருக்கும்.

உயரத்துக்கான மாத்திரை பற்றித் தம்பி கேட்டிருந்தார். அசெட்டசோலமைடு என்ற மருந்து, நான் மேலே சொன்ன சிறுநீரக வேலையைக் கொஞ்சம் விரைவாக்கும். ஓய்வு நாட்களுக்கு அது மாற்று அல்ல. சல்ஃபா வகை மருந்துகளுக்கு ஒவ்வாமை இருந்ததா, தைராய்டு எந்த நிலையில் இருக்கிறது என்பதையெல்லாம் சொல்லி மருத்துவரிடம் அளவு கேட்டுத்தான் எடுக்க வேண்டும். விரல் நுனி மரமரக்கும், அடிக்கடி சிறுநீர் போகும். அதற்குப் பயப்பட வேண்டாம். மேலே இருக்கும்வரை மதுவும் தூக்க மாத்திரையும் கூடாது. இதைத் தம்பிக்கும் அவர் நண்பருக்கும் அழுத்தியே சொல்கிறேன்.

கிளம்பும் முன் மூன்று பேரும் உங்கள் வீட்டில் உட்கார்ந்து ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். தலைவலி வந்தால் அது சரியாகும்வரை அதே ஊரில் தங்குவது. தலைவலியோடு வாந்தியும் சேர்ந்து, நிலைமை மோசமாகிக்கொண்டே போனால் இறங்குவது. நேர்கோட்டில் நடக்க முடியாவிட்டாலோ, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, இரவு பகல் பார்க்காமல் அந்த நிமிடமே இறங்குவது. ஒருவரைத் தனியாக இறக்கி அனுப்பாமல் துணையோடு போவது. இதில் முடிவெடுக்கும் அதிகாரம் உங்களிடம் இருக்கட்டும். மேலே போன பிறகு இதைப் பேசி முடிவெடுக்க முடியாது. ஆக்சிஜன் குறைந்த மூளை ‘எனக்கு ஒன்றுமில்லை’ என்றுதான் சொல்லும், இவ்வளவு செலவு செய்தோமே என்ற எண்ணமும் அதோடு சேர்ந்துகொள்ளும்.

நீங்கள் பாரமாகிவிடுவோமோ என்று பயப்படவே வேண்டாம், டீச்சர். குழுவின் நடையை நீங்கள்தான் நிர்ணயிக்க வேண்டும். தினமும் நீங்கள் முன்னால் நடங்கள், தம்பி உங்கள் பின்னால் வரட்டும். நாம்சேக்கு முந்தைய அந்தச் செங்குத்தான ஏற்றத்தில் உங்கள் வேகத்தில் நடந்தவர், டிங்போச்சேயில் நன்றாகத் தூங்குவார்.

சில்லறை விஷயங்கள். நேபாளத்துக்கு நமக்கு விசா வேண்டாம், ஆனால் விமானத்தில் போக உங்கள் வயதினருக்கு ஆதார் செல்லாது. பாஸ்போர்ட்டோ வாக்காளர் அட்டையோ வேண்டும். அரசு ஊழியர் என்பதால் துறையின் முன் அனுமதிக்கு இப்போதே எழுதிக் கொடுங்கள். காப்பீட்டில் 6,000 மீட்டர் வரை நடைப்பயணமும் ஹெலிகாப்டர் மீட்பும் அடங்குமா என்று எழுத்தில் வாங்குங்கள். பல பாலிசிகளில் இவை விலக்குப் பட்டியலில்தான் இருக்கும். நாம்சேக்கு மேலே ஏ.டி.எம்.மை நம்ப வேண்டாம், பணத்தை நோட்டாகவே வைத்துக்கொள்ளுங்கள். வழியில் யாக் கூட்டம் வந்தால் மலைச்சுவர் பக்கம் ஒதுங்குங்கள், பள்ளத்தின் பக்கம் ஒருபோதும் நிற்காதீர்கள். தொங்குபாலத்தில் அவை ஏறியிருந்தால் அவை கடந்து முடியும்வரை இந்தப் பக்கமே காத்திருங்கள்.

அக்டோபர் டிக்கெட் இன்னும் எடுக்கவில்லை என்று எழுதியிருந்தீர்கள். நல்லது, எடுக்காதீர்கள். ஜனவரியில் பத்து கிலோ பையோடு சதுரகிரி ஏறி இறங்கியதும், மறுநாள் முட்டி எப்படி இருந்தது என்று எனக்கு எழுதுங்கள். அதைப் பார்த்து அடுத்த மூன்று மாதப் பயிற்சியைச் சொல்கிறேன்.